காருக்குள் ஏறிய அமெரிக்கா

பல வருடங்களாக நாங்கள் மூன்று பேர் ஒரே காரில் வேலைக்குப் போய் வந்தோம். நாங்கள் இருக்கும் ஸ்கீவ ஊரிலிருந்து ஜன்னல் செய்யும் அந்தத் தொழிற்சாலைக்கு முக்கால் மணி நேர ஓட்டம். கார் என் அக்காவின் கணவருடையது, ஓட்டுவதும் அவர்தான். அத்தானுக்குப் பக்கத்து இருக்கையில் மன்னார் அண்ணை இருப்பார். பின்னால் நானும் எங்கள் மூவரின் சாப்பாட்டுப் பைகளும்.

மன்னார் அண்ணை எனக்குச் சொந்தமில்லை. சொந்த ஊர் மன்னார் என்பதால் எங்கள் வீட்டில் அப்படித்தான் அவரைச் சொல்வோம். அவரும் அத்தானும் டென்மார்க்குக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள். அத்தானைவிட அவர் நாலைந்து வயது மூத்தவர். சர்க்கரை வருத்தம் கண்ணில் இறங்கிய பிறகு ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை ஓல்போர்க் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணில் ஊசி போட்டுக்கொள்வார். அத்தானுடைய கார் இல்லையென்றால் இரண்டு பஸ் மாறித்தான் அவர் வேலைக்கு வர வேண்டும். இது அவருக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் பேச்சு வந்ததில்லை.

முன்பெல்லாம் காரில் என்ன கதைத்தோம் என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் நினைவில் வரவில்லை. மீன் விலை, பிள்ளைகளின் படிப்பு, யார் வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கு எத்தனை பேர் வந்தார்கள், தொழிற்சாலையில் யாரை வேலையால் நிற்பாட்டப் போகிறார்களாம். அத்தான் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். அண்ணை கத்தோலிக்கர். மாதாவைப் பற்றி இரண்டு பேரும் எப்போதாவது கொழுவிக்கொள்வார்கள். அதுவும் சிரிப்போடு முடிந்துவிடும்.

அத்தான் இருதய சத்திரசிகிச்சை முடிந்து, பல மாதம் வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில்தான் அமெரிக்கா வந்தது. முதலில் அமெரிக்கப் போதகர்களின் காணொளிகள். படுக்கையில் கிடந்தபடி கைத்தொலைபேசியில் பார்ப்பார். நல்ல பிரசங்கங்கள்தான், நானும் சிலதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அந்தப் போதகர்கள் எந்தக் கட்சிக்கு ஆதரவோ அந்தக் கட்சியின் செய்திகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. மீண்டும் வேலைக்கு வந்தபோது அமெரிக்காவின் எந்த மாநிலத்தில் யார் வெல்லுவார் என்பதெல்லாம் அத்தானுக்கு விரல்நுனியில் இருந்தது. கருக்கலைப்பைத் தடுக்கிற கட்சி அது, குடும்பத்தைக் காப்பாற்றுகிற கட்சி அது, அப்பன் சொல்லுக்கு மரியாதை இருக்கிற நாட்டை அவர்கள்தான் மீட்பார்கள் என்று சொல்லுவார். அந்தக் கட்சியின் நிறம் சிவப்பு.

அண்ணைக்கு நீலக் கட்சி. அவருடைய கடைசித் தம்பி அமெரிக்காவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறார். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. சிவப்புக் கட்சி வந்தால் தம்பியைப் பிடித்து ஊருக்குப் பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் அண்ணைக்கு. அதோடு, ஏழைக்கு வைத்தியம் இல்லாத நாட்டில் வைத்தியம் கொடுக்க நினைக்கிற கட்சி நீலம்தான் என்பது அவருடைய வாதம். கண் பழுதானபின் வாசிக்க முடியாமல், அவரும் காதில் மாட்டிக்கொண்டு செய்தி கேட்கிறவராகிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் முதல்நாள் நடந்த ஒரு மேடைப்பேச்சைப் பற்றிக் கதைத்தார்கள். ஒரே பேச்சைத்தான் இருவரும் கேட்டிருந்தார்கள். ஆனால் அத்தான் கேட்ட பேச்சிலும் அண்ணை கேட்ட பேச்சிலும் ஒரு வசனம்கூடப் பொருந்தவில்லை. நான் பின்னால் இருந்து, நீங்கள் இரண்டு பேரும் வேறு வேறு பேச்சைக் கேட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது என்றேன். இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை.

தொழிற்சாலையில் இதைப் பகிடியாகத்தான் எடுத்தார்கள். டென்மார்க்கில் நிறங்கள் தலைகீழ். இங்கே இடதுசாரிகள் சிவப்பு, வலதுசாரிகள் நீலம். அத்தான் இந்த நாட்டில் எப்போதும் சிவப்புப் பக்கத்துக்குத்தான் வாக்குப் போட்டவர்; தொழிற்சங்கமும் ஓய்வூதியமும் அவர்களால் வந்தவை என்ற நன்றி. ஒருநாள் கன்டீனில் தான் சிவப்பு என்று அவர் சொன்னதும் கண்ணாடிப் பிரிவில் வேலை செய்யும் டேனிஷ்காரர் ஒருவர், தோழரே என்று முதுகில் தட்டினார். எந்த நாட்டுச் சிவப்பு என்று பிறகு விளங்கியதும் தட்டிய கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. என்னோடு பொதி கட்டும் டேனிஷ் பெண்மணி என்னிடம் கேட்டாள், உங்களுக்கு அங்கே வாக்கே இல்லையே, இந்த நாட்டில் இத்தனை கட்சிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைப் பற்றிக்கூட அவர்கள் சண்டை பிடித்து நான் பார்த்ததில்லையே என்று.

பகிடி காருக்குள் வரவில்லை. அங்கே மாதா மாதம் குரல் கூடிக்கொண்டு போனது. அத்தான் கோபம் வந்தால் வேகமாக ஓட்டுவார். அண்ணை கோபம் வந்தால் ஏளனமாகக் கதைப்பார். "அந்தக் காணொளியளைப் பார்த்து உனக்கு மூளை பழுதாப் போச்சு தம்பி" என்று அவர் சொல்லும்போது கார் ஒரு உறுமல் உறுமி முன்னால் போகிற லாரியை முந்தும். அந்தப் பாதையில் முந்துவதற்கு நல்ல இடங்கள் குறைவு. நான் இருக்கைப் பட்டியைப் பிடித்துக்கொண்டு செபம் சொல்லியிருக்கிறேன். கத்தோலிக்கச் செபமா பெந்தெகொஸ்தே செபமா என்று பார்க்கவில்லை.

தேர்தல் முடிவு வந்த காலை நவம்பர் மாதத்து மூடுபனி. வெளியே இருள் விலகவில்லை. அண்ணை காரில் ஏறும்போதே அவருடைய முகம் வீங்கியிருந்தது. தம்பி அமெரிக்காவிலிருந்து தொலைபேசி எடுத்து அழுதானாம், அதை ஏறும் முன் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். அத்தானுக்கு அது தெரியாது. அவர் டேனிஷ் வானொலியைச் சத்தமாகப் போட்டிருந்தார். சிவப்புக் கட்சி வென்றுவிட்டது.

ஊர் எல்லையைத் தாண்டினோம். பிறகு அத்தான் ஸ்டியரிங்கை விரலால் தட்டியபடி, இனி அந்த நாடு துப்புரவாகும் என்றார்.

அண்ணை முன்னால் பார்த்தபடியே கேட்டார். "ஆரைத் துப்புரவாக்கப் போறாங்கள்? என்ர தம்பியையோ?"

"சட்டப்படி வந்தவைக்கு என்ன பயம்?"

"நீ சட்டப்படியோ வந்தனீ? உன்ர சொந்தப் பேரிலயோ வந்தனீ? ஆற்ற பாஸ்போட்டில வந்தனீ எண்டு நான் சொல்லட்டோ?"

அவர் அத்தானோடு அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. அத்தானின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. அது வேற, அது யுத்தம் என்றார். அங்கேயும் யுத்தத்தால் வந்தவர்கள்தான் என்றார் அண்ணை. அத்தான் கருக்கலைப்புக்குத் தாவினார். அண்ணை வைத்தியச் செலவுக்குத் தாவினார். மூடுபனிக்குள் எதிரே வரும் விளக்குகள் திடீர் திடீரென்று முளைத்தன. மெதுவாகப் போங்கள் அத்தான் என்று சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை.

"வயித்துப் பிள்ளையைக் கொல்லுற கட்சி அது" என்றார் அத்தான். "அவங்கள் துரோகியள். அவங்களுக்கு வக்காலத்து வாங்குறவனும் துரோகிதான்."

வானொலியில் யாரோ தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். அண்ணை, "நிப்பாட்டு" என்றார்.

இந்த இடத்தில் எப்படி நிற்பாட்டுவது என்றார் அத்தான்.

"காரை நிப்பாட்டு."

அவர் கதவின் கைபிடியில் கையை வைத்துவிட்டார். கார் ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். அத்தான் ஒரு பண்ணைக்குப் போகும் மண்பாதை வாசலில் காரை ஒடித்து நிறுத்தினார். அண்ணை பட்டியைக் கழற்றி இறங்கி, கதவைச் சாத்தாமலே நடக்கத் தொடங்கினார். பகலிலேயே சரியாகப் பார்வை தெரியாத மனிதர், மூடுபனியில், மணிக்கு எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வாகனங்கள் ஓடும் வீதியோரமாக.

நானும் இறங்கினேன். அத்தான் என்னைப் பார்த்து, ஏறு பிள்ளை, அவர் வருவார் என்றார். நான் முன்கதவைச் சாத்திவிட்டு அண்ணைக்குப் பின்னால் ஓடினேன். கார் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. அதன் சிவப்பு விளக்குகள் மறைந்ததும் பாதையில் நாங்கள் இருவர் மட்டும்.

அண்ணையின் கையைப் பிடித்து வீதியோர வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் புல் பக்கம் இழுத்தேன். குளிரா என்று கேட்டேன். அவர் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் வீட்டு முன்னறையில் ஒரு இளைஞனின் படம் மாட்டியிருக்கும். மெழுகுதிரி எரியும். யுத்தத்தில் செத்தவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஊரில் ஒரு ஆயுத இயக்கத்தில் இருந்தார். இன்னொரு இயக்கத்துப் பெடியள் ஒரு பின்னேரம் வந்து, ஒருக்காக் கதைக்கவேணும், வாங்கோ என்று கூட்டிப் போனார்கள். வந்தவர்களில் ஒருவன் அண்ணனோடு பந்தடித்தவன். அம்மா அவனுக்கு மோர் கொடுத்தாளாம். மறுநாள் சந்தியில், விளக்குக் கம்பத்தில் கட்டியபடி அண்ணனின் பிணம்.

"கழுத்தில மட்டை" என்றார். "அதில ஒரேயொரு சொல்லுத்தான் எழுதியிருந்தது. அம்மாவைச் சத்தமா அழவும் விடேல்ல. துரோகிக்கு அழுதால் அழுறவையும் துரோகியாம்."

வீதியோரமாகத் தொடர்ந்து நடந்தோம். முன்னாலிருந்து ஒரு கார் மிக மெதுவாக வந்து, எங்களைக் கடந்து, திரும்பி, எங்களுக்குப் பின்னால் ஊர்ந்தது. அபாய விளக்குகள் மஞ்சளாக அணைந்து அணைந்து எரிந்தன. அத்தான். கண்ணாடியை இறக்கி, ஏறுங்கோ அண்ணை என்றார். அண்ணை நடந்தார். கார் பின்னால் வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு மூன்று வாகனங்கள் சேர்ந்துவிட்டன; ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

பனியில் வழுக்காமல் பாதைக்கு உப்புத் தூவும் லாரி ஒன்று எதிர்ப்பக்கம் வந்து நின்றது. கார் பழுதாகிவிட்டதா என்று சாரதி கேட்டார். அண்ணை தன்னுடைய உடைந்த டேனிஷில், எங்களை அடுத்த ஊர் பஸ் தரிப்பில் விட முடியுமா என்று கேட்டார். சாரதி எங்களுக்குப் பின்னால் விளக்குப் போட்டு நிற்கும் காரைப் பார்த்தார். அதற்குள் இருக்கும் எங்களைப் போன்ற நிறத்து மனிதரையும் பார்த்தார். அவர் உங்களோடு வந்தவர் இல்லையா என்றார்.

அவர் வேறு பக்கம் போகிறவர் என்றார் அண்ணை.

லாரி எங்களை ஏற்றிக்கொண்டு போனது. வேலைக்குப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தோம். மேற்பார்வையாளரிடம் கார்ப் பிரச்சினை என்றேன். அத்தான் முன்பே வந்து தன் இயந்திரத்தில் நின்றார். நாங்கள் மூவரும் வரும் அதே காரில்தான் அவர் வந்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேற்பார்வையாளர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அண்ணை பஸ்ஸில் வந்தார். முதல் வாரம் நானும் அவரோடு போனேன். வீட்டிலிருந்து அதிகாலையில் இறங்கி, இடையில் ஒரு தரிப்பில் காற்றில் நின்று, இரண்டாவது பஸ் பிடிக்க வேண்டும். அக்கா என்னைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டாள், உனக்குச் சொந்த அத்தானா பெரிசு, மன்னார்க்காரரா பெரிசு என்று. இரண்டு பேருமே இல்லை, எனக்கு முழங்கால்தான் பெரிசு என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் அத்தானுடைய காரில் ஏறினேன். முழங்கால் உண்மையிலேயே நோகத்தான் செய்தது. அண்ணை அதைப் புரிந்துகொண்டார், அல்லது புரிந்துகொண்டதாகக் காட்டினார்.

செய்தி எங்கள் சனத்துக்குள் பரவ நாள் எடுக்கவில்லை. டிசம்பரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால், மண்டபத்தில் ஆண்கள் இரண்டு மேசையாகப் பிரிந்திருந்தார்கள். அத்தான் பக்கம் சபைக்காரர்கள், அண்ணை பக்கம் கத்தோலிக்கக் கோயில்காரர்கள். கதை அமெரிக்காவில் தொடங்கி, பிறகு யார் எந்தக் காலத்தில் எந்த இயக்கத்துக்குக் காசு கொடுத்தது, யார் யாரைக் காட்டிக்கொடுத்தது என்று எங்கெங்கோ போனது. முப்பது வருடத்துக்கு மேல் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயங்கள். பெண்கள் நாங்கள் சாப்பாட்டை நேரத்தோடு பரிமாறி விழாவை முடித்தோம். பிள்ளைகள் ஒரு மூலையில் டேனிஷில் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது எதுவும் தெரியாது என்பதில் எனக்கு அன்றைக்கு நிம்மதியாக இருந்தது.

காரில் நானும் அத்தானும் பேசிக்கொள்வதில்லை. அண்ணையின் இருக்கை காலியாக இருந்தது. நான் பின்னாலேயே இருந்தேன். ஒரு காலை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கிற கதை தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் சொல்லியிருப்பார், சொன்னால் துடித்துப் போவார், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது.

அத்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் காரை ஒரு பெட்ரோல் நிலையத்தில் விட்டு இயந்திரத்தை நிறுத்தினார். முகாமில் ஒரே அறையில் இருந்தபோது அண்ணை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். மட்டையைப் பற்றி, மோரைப் பற்றி, பந்தடித்தவனைப் பற்றி. அந்த நாட்களில் அண்ணை நித்திரையில் கத்துவார் என்றும், எழுப்பித் தண்ணீர் கொடுத்தது தான்தான் என்றும் அத்தான் சொன்னார்.

"தெரிஞ்சபடியாத்தான் அந்தச் சொல்லு வந்தது பிள்ளை. என்னை எந்த நாளும் மூளையில்லாத மொக்கன் மாதிரித்தான் கதைக்கிறவர். பாஸ்போட்டை வேற இழுத்தார். அவருக்கு நோகவேணும் எண்டு நினைச்சன். எது நோகும் எண்டு எனக்குத் தெரியும்."

அவரைக் கோபிக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவர் மகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். மகள் ஓகூஸ் நகரில் இருக்கிறாள், ஒரு கைக்குழந்தை. தேர்தலுக்கு முன் அவள் வீட்டில் அந்தப் போதகர்களைப் பற்றி இவர் ஏதோ சொல்ல, அவள் டேனிஷில், இந்தக் கதையை விடும்வரை குழந்தையை உங்களிடம் கொண்டுவர மாட்டேன் என்றிருக்கிறாள். தமிழில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பாராம். டேனிஷில் அவள் சொன்ன வேகத்துக்கு இவருக்குப் பதில் வரவில்லை. அந்தக் காணொளிகளில் மட்டும்தான் யாரோ அப்பன்மாருக்காகக் கதைக்கிறார்கள் என்றார். அது அவருடைய சொல்லுக்கு நியாயமாகாது என்று சொன்னேன். ஓம் என்றார். பிறகு காரை எடுத்தார்.

ஜனவரியில் கிரீன்லாந்தைப் பற்றிய பேச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. டென்மார்க்கிடமிருந்து அந்தத் தீவை எடுத்துக்கொள்வார்களாம். கன்டீனில் காற்றே மாறிவிட்டது. அதுவரை அமெரிக்காவைப் பற்றி ஒரு சொல் பேசாதவர்கள் காலைக் கோப்பியோடு அதையே கதைத்தார்கள். அமெரிக்கச் சோடாவை வாங்க மாட்டேன் என்றார் ஒருவர். ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் பாணும் வெண்ணெயும் வைக்கும் நாள், கண்ணாடிப் பிரிவுக்காரர் அத்தானின் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். உன்னுடைய ஆட்கள் எங்கள் நிலத்தை எடுக்க வரும்போது நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று கேட்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. சுற்றி இருந்தவர்கள் வெண்ணெய் பூசும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அத்தான் டென்மார்க் குடியுரிமை எடுத்துப் பல வருடம். அதைத்தான் சொல்ல முயன்றார். வரிப் பணம், வேலை செய்த ஆண்டுகள் என்று ஏதேதோ சொன்னார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவருக்கு அவசரத்தில் மூச்சு வாங்கும். வசனங்கள் உடைந்தன. யாரோ ஒருவர், இவனிடம் ஏன் கேட்கிறாய், அதோ அந்தப் பெரியவர் புத்திசாலி, அவரைக் கேள் என்று அண்ணையைக் காட்டினார். எல்லோரும் திரும்பினார்கள்.

அண்ணை பாணில் வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. பூசி முடித்து, அதைச் சாப்பிடாமல் தட்டோடு எடுத்துக்கொண்டுபோய்க் குப்பையில் போட்டுவிட்டு வெளியே போனார். நான் எழுந்து போய் அத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிப் பிரிவுக்காரர் கொஞ்ச நேரத்தில் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்துவிட்டார்.

பின்னேரம் பொதி கட்டும் இடத்துக்கு அண்ணை வந்தார். நல்லா வேணும் என்றுதான் முதலில் நினைத்தாராம். "பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அண்ணை வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மனைவியிடம் தைக்கக் கொடுத்த சட்டை ஒன்றை எடுக்கப் போனது. அழைப்பு மணி அடித்தது. அண்ணையின் மனைவி கதவைத் திறந்தா. அவவையும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாசலில் அத்தான் சபைக்குப் போகும் கோட்டோடு நின்றார். சப்பாத்தைக் கழற்றவில்லை. உள்ளே வாருங்கள் என்று அக்காவும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை.

அண்ணை கண்ணுக்கு மருந்து விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடியபடி இருந்தார். ஆர் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாததில் விளங்கிக்கொண்டார் போலிருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்தார். மருந்து கன்னத்தில் வழிந்தது. அவருக்கு மேலே சுவரில் அந்தப் படம்.

"வாய் தவறினது எண்டு சொல்ல வரேல்ல" என்றார் அத்தான். "தெரிஞ்சுதான் சொன்னனான். முகாமில நீங்கள் சொன்னது எனக்கு நினைவில இருந்தது. அது நினைவில இருக்கத்தான் சொன்னனான்."

அண்ணையின் முகத்தில் இரத்தம் ஏறி இறங்குவது தெரிந்தது. அவர் எழுந்து அடித்துவிடுவார் என்று நான் நினைத்தேன். அடித்தால் தடுக்கிறதா விடுகிறதா என்றுகூட யோசித்துவிட்டேன்.

"இதை ஏன் வந்து சொல்லுறாய்?"

"பொய் சொல்லி மன்னிப்புக் கேட்க ஏலாது, அண்ணை."

அண்ணை துவாயால் கன்னத்தைத் துடைத்தார். ஒரு கண்ணைத் துடைத்து, மற்றக் கண்ணைத் துடைத்து, துவாயை மடித்தார்.

"சரி. சொல்லிப்போட்டாய். இப்ப போ" என்றார்.

அத்தான் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் எடுத்தது. அக்கா என்னிடம், நீதான் வரச் சொன்னாயா என்று கேட்டா. நான் சொல்லவில்லை. அது உண்மை. அவ நம்பியதாகத் தெரியவில்லை.

பெப்ரவரியில் பனி கொட்டியது. ஒரு மாலை, மறுநாள் காலை பஸ் ஓடாது என்று அறிவித்தார்கள். அண்ணை என்னைத் தொலைபேசியில் எடுத்தார். நாளைக்கு நீ ஓட்டுவதென்றால் வருகிறேன் என்றார். என்னிடம் உரிமம் இருக்கிறது, கார்தான் இல்லை. எங்கள் வீட்டுக் காரை என் கணவர் தன் வேலைக்குக் கொண்டுபோவார். நான் அத்தானுக்குச் சொன்னேன். காலையில் கார் வாசலில் நின்றது. அவர் கண்ணாடியில் பனியைச் சுரண்டி, காரின் திறப்பை என் கையில் தந்துவிட்டு, பின்கதவைத் திறந்து சாப்பாட்டுப் பைகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அண்ணை முன்னால் ஏறினார்.

ஒரு நாளைக்கென்று தொடங்கியது அப்படியே தொடர்ந்தது. பனி உருகிய பிறகும் நான்தான் ஓட்டினேன். வானொலியைப் போடவில்லை. இரண்டு பேரும் என்னோடு கதைப்பார்கள், ஒருவரோடொருவர் இல்லை. மேற்பார்வையாளர் விடுமுறை தருவாரா என்று அண்ணை என்னைக் கேட்பார். பின்னாலிருந்து அத்தான், தருவார் என்று என்னிடம் சொல்லுவார். நான் அதை அண்ணைக்குத் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. இந்தக் கூத்தில் எனக்கு எரிச்சல் வந்தாலும், அந்தக் காருக்குள் ஒரு சொல் பிழையாக வந்தால் என்ன ஆகும் என்ற பயம் எரிச்சலை அடக்கியது. தினமும் தொழிற்சாலை வாசலில் இறங்கும்போது தோள் இரண்டும் இறுகிப்போயிருக்கும்.

ஏப்ரலில் ஒரு காலை, வயல்களில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அத்தான் பின்னாலிருந்து தொண்டையைச் செருமினார்.

"அண்ணை, உங்கட தம்பியின்ர விசயம் என்ன மாதிரி?"

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மெதுவாகப் போனோம். பிறகு அண்ணை திரும்பாமலே சொல்லத் தொடங்கினார். வழக்கை மறுபடி தள்ளிப்போட்டுவிட்டார்கள். தம்பி வேலைக்கும் அறைக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. கோயிலுக்குக்கூடப் போவதில்லை, குடிவரவு அதிகாரிகள் வாசலில் நின்று பிடிக்கிறார்களாம். கோயில் வாசலிலா என்று அத்தான் கேட்டார். ஓம், கோயில் வாசலில்தான் என்றார் அண்ணை. அது பிழை என்றார் அத்தான். அதை அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, தான் தம்பிக்காக ஜெபிப்பதாகச் சொன்னார்.

"கடவுளுக்குத் தெரியும்" என்றார் அண்ணை. "நீ உன்ர கட்சிக்குச் சொல்லு."

அத்தான் விடவில்லை. எல்லையே இல்லாமல் எப்படி ஒரு நாடு இருக்கும் என்று தொடங்கினார். எல்லை வேண்டாம் என்று யார் சொன்னது என்று அண்ணை இருக்கையில் பாதி திரும்பினார். நீலக் கட்சி ஆட்சியில் இருந்தபோதும் ஆட்களை ஏற்றித்தான் அனுப்பினார்கள் என்றார் அத்தான். அது அண்ணைக்குத் தெரிந்த விஷயம்தான். அதை ஒத்துக்கொள்ள அவருக்குக் கொஞ்சத் தூரம் எடுத்தது. ஒத்துக்கொண்டுவிட்டு வரிகளுக்குப் போனார். அங்கே இருவரும் பிடித்துக்கொண்டார்கள். குரல் உயர்ந்தது. நான் டிராக்டரை முந்தாமல், அதன் பின்னாலேயே போனேன். அண்ணைக்கு ஒரு எண் நினைவில் வரவில்லை, அத்தான் அதை எடுத்துக் கொடுத்தார், அதை வைத்தே அண்ணை அவரை மடக்கப் பார்த்தார்.

தொழிற்சாலைக்குப் பிந்தித்தான் போனோம். காரை நிறுத்திய பிறகும் இரண்டு பேரும் இறங்கவில்லை. நான் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, பூட்டப் போகிறேன் என்று சொன்னபிறகுதான் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். வாசல்வரை அத்தான் முன்னால் போனார். படியில் வெளிச்சம் போதாது. அண்ணை வரும்வரை அவர் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அண்ணை அவரைப் பார்க்காமலேயே உள்ளே போனார்.